பெட்டிக்கு முன்னால் முகவரி

ஜெர்மனியில் முதுகலைப் படிக்க இடம் கிடைத்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதமே கூடத்தில் பெட்டி விரிந்துவிடுகிறது. இருபத்து மூன்று கிலோவில் எது போகும், எது நிற்கும் என்பதுதான் மூன்று மாதத்துக்கும் பேச்சு. சாம்பார் பொடியை வீட்டிலேயே அரைப்பதா, கடையில் வாங்குவதா. குளிர் ஜாக்கெட்டை இங்கே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா. நடுவில் குலதெய்வக் கோயில், மாமா வீட்டு விருந்து, நண்பர்களோடு கொடைக்கானல். இவை எதுவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு நீண்ட விடுமுறை அந்தப் பிள்ளைக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில், பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் போட்ட பிறகுதான் வருகிறது: "அங்க போய் எங்கப்பா தங்குவ?" அதற்குப் பதிலும் தயாராக இருக்கிறது: "போய்ப் பாத்துக்கலாம்மா."

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வேலை முகவரி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது), விசா, பிளாக்டு அக்கவுண்ட் (ஓர் ஆண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு) ஆகியவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கன்சல்டன்சி நடத்துகிறவர்களும் அதுவரை கூட வருவார்கள், விசா ஒட்டியதும் அவர்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வரும் ஆறு வாரத்தில் ஒரு மாணவர் படும் பாடுகளில் பெரும்பங்கு முகவரி இல்லாததால் வருகிறது. இதைப் பற்றி மட்டும் யாரும் நிதானமாக உட்கார்ந்து பேசுவதில்லை.

ஏன் முகவரி

ஜெர்மனியில் இறங்கியதும் செய்யவேண்டிய வேலைகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் குடியேறியவர் இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் தன் வசிப்பிடத்தைப் பதிய வேண்டும். எல்லாரும் 'ஆன்மெல்டுங்' என்று சொல்வது இதைத்தான். பதியப் போகும்போது பாஸ்போர்ட்டோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்றும் வேண்டும்: இன்னார், இன்ன தேதியில், இந்த முகவரியில் குடியேறினார் என்பது அதில் இருக்கும். 2015 நவம்பரிலிருந்து இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நண்பர் வீட்டு முகவரியில் குடியிருக்காமலேயே பெயரை மட்டும் பதிந்துகொள்ளலாம் என்ற யோசனை வாட்ஸ்அப் குழுக்களில் சாதாரணமாக வரும். அப்படி முகவரி கொடுக்கிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உதவி செய்ய வந்த சீனியரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

அந்தப் பதிவுச் சான்று கையில் வந்த பிறகுதான் மற்ற கதவுகள் திறக்கும். வங்கிக் கணக்குத் திறக்கவும், பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதப் பணத்தை விடுவிக்கவும் பல நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன. பகுதிநேர வேலைக்குத் தேவையான பதினோரு இலக்க வரி எண் நாம் விண்ணப்பிக்காமலேயே, பதிந்த முகவரிக்கு இரண்டு மூன்று வாரத்தில் தபாலில் வரும். ரெசிடென்ஸ் பெர்மிட்டை எந்த ஊர் அலுவலகம் தரும் என்பதையும் அந்த முகவரிதான் முடிவு செய்கிறது. முகவரி இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் பணம் தாமதமாகும், கையில் பணம் இல்லாமல் டெபாசிட் கட்டி வீடு பிடிக்கவும் முடியாது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் ஹாஸ்டல் ஹாஸ்டலாக மாறிக்கொண்டு, ஒரு இரவுக்கு முப்பது நாற்பது யூரோ கொடுத்துக்கொண்டே முதல் மாத வகுப்புகளைத் தவறவிடுகிறார்கள்.

தபால் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் வீட்டு எண் மட்டும்தான், உள்ளே இருக்கும் ஃப்ளாட்டுகளுக்கு எண் கிடையாது. வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். தபால்காரர் உறையில் உள்ள பெயரையும் பெட்டியில் உள்ள பெயரையும் பார்த்துத்தான் போடுவார். பெயர் ஒட்டவில்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். ஏடிஎம் கார்டு, அதற்குத் தனியாக வரும் பின் எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே தபால்தான். ஆகவே அறைக்குள் நுழைந்த அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கும் முன்னால், ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதித் தபால் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும். பிறகு வீட்டுப் பராமரிப்பாளர் ஒழுங்கான பெயர்த் தகடு போட்டுத் தருவார்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இன்ஷியலோடு பழகிய பெயர் பாஸ்போர்ட்டில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் அப்பா பெயர்தான் சர்நேம் இடத்தில் இருக்கும். அங்கே கடிதமெல்லாம் அந்தச் சர்நேமுக்குத்தான் வரும். கார்த்திக் என்ற பையனுக்கு 'ஹெர் சுப்ரமணியன்' என்று கடிதம் வரும்போது அது அப்பாவுக்கு வந்ததில்லை, அவனுக்குத்தான். முதல் நாள் இரண்டு பெயரையும் சேர்த்தே ஒட்டுவது நல்லது. கூட இருப்பவர் பெட்டியைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், முகவரியில் அவர் பெயரைக் குறிப்பிட்டு 'மேற்பார்வை' என்று போடுவதுபோல 'சி/ஓ' சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கிறவர்கள், மார்க்‌ஷீட்டில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பெயர் உள்ளவர்கள் இதை விண்ணப்பம் போடுவதற்கு முந்திய ஆண்டே சரிசெய்துவிட வேண்டும். அட்மிஷன் லெட்டர் வந்த பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றினால், ஏபிஎஸ், பல்கலைக்கழகம், பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு என ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டிவரும். அந்தக் கோடையில் அதற்கு நேரமில்லை. அப்போது பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுவது ஒன்றே வழி.

தேடலுக்கு ஒரு நாட்காட்டி

வீடு தேட இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் காலம் வேறு. முதலாவது, மாணவர் நல அமைப்பான 'ஷ்டூடீரெண்டன்வெர்க்' நடத்தும் விடுதிகள். இவை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. அட்மிஷன் கிடைத்தால் விடுதி தானாகக் கிடைத்துவிடும் என்று நம் ஊர்க் கல்லூரிப் பழக்கத்தில் நினைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் முதல் கோளாறு. விடுதிக்குத் தனியாக, அந்த ஊர் அமைப்பின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பல ஊர்களில் அட்மிஷன் லெட்டர் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போடலாம், லெட்டரைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே எந்த மூன்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களோ, அந்த ஊர் விடுதிகளுக்கெல்லாம் ஏப்ரலிலேயே போட்டுவையுங்கள். இடம் கிடைக்காத ஊரின் விண்ணப்பத்தை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்துவிடலாம். விண்ணப்பத்தில் 'தனி அப்பார்ட்மெண்ட் மட்டும்' என்று குறிக்காதீர்கள். சமையலறையைப் பகிரும் அறை, எந்த விடுதியானாலும் சம்மதம் என்று குறித்தால் முறை சீக்கிரம் வரும். சில ஊர்களில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறவர் குறிப்பிட்ட இடைவெளியில் 'இன்னும் எனக்கு அறை வேண்டும்' என்று உறுதி செய்ய வேண்டும், தவறினால் பெயர் நீங்கிவிடும். விண்ணப்பித்த அன்று வந்த மின்னஞ்சலைக் கடைசி வரி வரை படித்தால் அந்த விதி கண்ணில் படும்.

இரண்டாவது, தனியார் வீடுகளும் பலர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒரு அறையும். இதற்கு மே மாதமே தேட ஆரம்பித்து ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்துபோகிறவர்கள் பலர். காரணம் எளிது: அங்கே வாடகைக்கு இருப்பவர் காலி செய்வதற்கு மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுப்பது வழக்கம். அக்டோபரில் காலியாகும் அறை ஜூலைக்குப் பிறகுதான் வெளியே தெரியவரும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான் விளம்பரங்கள் குவியும். அந்த நேரத்தில் 'வேகே-கெசுக்ட்' என்ற அறை தேடும் இணையதளத்தில் தினமும் காலை, மாலை பார்க்க வேண்டும். பரிமாற்றத் திட்டத்தில் வேறு நாட்டுக்கு ஒரு செமஸ்டர் போகிற மாணவர்கள் தங்கள் அறையை ஐந்தாறு மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். முதன்முதலில் போகிறவருக்கு இதுதான் மிகப் பொருத்தம் என்பேன். கட்டில், மேசை எல்லாம் இருக்கும், நீண்ட ஒப்பந்தம் கிடையாது, ஊரைத் தெரிந்துகொண்ட பிறகு நிதானமாக நிரந்தர இடம் பார்க்கலாம். கேட்கவேண்டிய ஒரே கட்டாயக் கேள்வி, இந்த முகவரியில் பதிந்துகொள்ளலாமா, அதற்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் உண்டா என்பதுதான். 'பதிய முடியாது, ஆனால் வாடகை குறைவு' என்றால் விட்டுவிடுங்கள்.

செய்தி அனுப்பும்போது எல்லாருக்கும் ஒரே பத்தியை வெட்டி ஒட்டினால் பதில் வராது. ஐந்தாறு வரி போதும், ஜெர்மன் மொழியில் இருந்தால் நல்லது, ஏ1 என்ற தொடக்க நிலை அளவுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. பெயர், வயது, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப் போகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எத்தனை மாதம், பணம் எங்கிருந்து வருகிறது, வீடியோவில் பேசத் தயார் என்பது. கூடவே விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தீர்கள் என்று காட்டும் ஒரு வரி: தோட்டம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் தோட்டத்தைப் பற்றி, ஞாயிறு சேர்ந்து சமைப்போம் என்று எழுதியிருந்தால் உங்கள் சமையலைப் பற்றி. முப்பது செய்தி அனுப்பினால் மூன்று நான்கு பதில் வரும். அது இயல்பு, நிறவேற்றுமை என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். ஜெர்மன் மாணவர்களுக்கும் பெரிய ஊர்களில் அதே கதைதான்.

மோசடி இருக்கிறது, அதற்கு ஒரு வார்ப்பும் இருக்கிறது. படங்கள் ஹோட்டல் அறைபோல இருக்கும், வாடகை அந்த ஊர் நிலவரத்தைவிட மிகக் குறைவாக இருக்கும். 'நான் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறேன், வீட்டைக் காட்ட முடியாது, டெபாசிட்டை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்' என்பார்கள். நம்பிக்கைக்கு ஒரு பாஸ்போர்ட் படமும் அனுப்புவார்கள், அது முன்பு ஏமாந்த ஒருவருடையதாக இருக்கக்கூடும். நேரிலோ, நேரலை வீடியோவிலோ வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடாமல் ஒரு யூரோவும் அனுப்பக் கூடாது. வீடியோவில் பேசும்போது ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு வாசலில் உள்ள தபால் பெட்டியில் அவர் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்ட உரிமை உண்டு. விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருப்பது அடிப்படை வாடகை. 'வார்ம்' என்பதில் சூடேற்றும் செலவும் தண்ணீரும் சேரும். மின்சாரமும் இணையமும் அதற்கும் வெளியே இருக்கலாம். ஒப்பிடும்போது எல்லாம் சேர்ந்த தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஊர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் போன்ற ஊர்களில் விடுதி அறை கிடைப்பது பெரிய போராட்டமில்லை, வாடகையும் மாதச் செலவுக் கணக்குக்குள் அடங்கும். மியூனிக்கில் விடுதிக்குச் செமஸ்டர் கணக்கில் காத்திருக்க வேண்டும், வெளியில் ஒரு அறையே 700 யூரோவைத் தாண்டும். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் கிடைப்பது 992 யூரோதான். இரண்டு ஊர்களிலும் இடம் கிடைத்திருக்கிறவர்கள் தரவரிசைப் பட்டியலோடு இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மியூனிக்தான் என்று முடிவானால், அரைமணி, முக்கால் மணி நேர ரயில் தொலைவில் உள்ள சிறிய ஊர்களையும் தேடலில் சேருங்கள். மாணவர் பயணச்சீட்டில் அந்தத் தூரம் அடங்கிவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மெயில் வரும் வாரம்

இந்தக் கோடையின் திருப்பம் விசா வரும் நாள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், விடுதியிலிருந்து அறை ஒதுக்கி மின்னஞ்சல் வரும் அந்த வாரம்தான். ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ, அறிவிப்பு எதுவும் இல்லாமல் வரும். ஜெர்மன் மொழியில் இருக்கும், சில சமயம் ஸ்பாமில் போய் விழும். உள்ளே அறை எண், வாடகை, ஒப்பந்தம் தொடங்கும் தேதி, ஒரு இணைப்பு. கூடவே ஒரு கெடு: ஐந்து நாளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஒரு வாரம் பத்து நாளுக்குள் டெபாசிட் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அறை அடுத்தவருக்கு.

இந்த இடத்தில் சறுக்குவதற்கு வழிகள் நிறைய. முதலாவது, மின்னஞ்சலைப் பார்க்கவேயில்லை. விடுமுறையில் பிள்ளை ஊரூராகப் போய்க்கொண்டிருக்கும், விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் கன்சல்டன்சி உருவாக்கிக் கொடுத்ததாக இருக்கும், கடவுச்சொல் அவர்களிடம் இருக்கும். எந்த விண்ணப்பமானாலும் சொந்த மின்னஞ்சலில், மாணவர் தன் கையாலேயே போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தினமும் ஸ்பாம் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வீட்டில் பெரியவர்கள் 'இது ஆடி, முடியட்டும், ஆவணி பிறந்ததும் முதல் பணத்தைக் கட்டலாம்' என்பது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி, அறை ஒதுக்கீடு நடப்பதும் அதே வாரங்களில்தான். இதைப் பெரியவர்களிடம் ஜூன் மாதமே எடுத்துச் சொல்லிவிட்டால் அவர்களே ஒரு நல்ல நாளைப் பார்த்து, வைகாசியிலோ ஆனியிலோ ஒரு சிறு தொகையை முன்கூட்டி அனுப்பித் தொடங்கிவைத்துவிடுவார்கள். மரியாதையோடு முடியக்கூடிய காரியம் இது, கடைசி நேரத்தில் சண்டையாக வேண்டியதில்லை.

மூன்றாவது சறுக்கல் வங்கியில். டெபாசிட் 600 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வங்கியிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். பகிர்ந்துகொள்வது என்று விட்டுவிட்டால் நடுவில் உள்ள வங்கி பத்து இருபது யூரோவைப் பிடித்துக்கொள்ளும், அங்கே 583 யூரோ போய்ச் சேரும். விடுதி அலுவலகத்தின் கணக்கில் அது முழுமையாகக் கட்டப்படாத டெபாசிட். ஆகவே 'முழுக் கட்டணமும் அனுப்புகிறவருடையது', அதாவது 'ஓயூஆர்' என்ற தேர்வைக் குறிக்க வேண்டும். குறிப்புப் பகுதியில் மின்னஞ்சலில் தந்த விண்ணப்ப எண்ணையும் மாணவரின் பெயரையும் எழுத வேண்டும். பணம் அப்பாவின் கணக்கிலிருந்து போகும்போது அங்கே அப்பா பெயர்தான் தெரியும், எண் இல்லையென்றால் அது யாருடைய டெபாசிட் என்றே தெரியாது. கிளையில் இந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார், அவர் விடுப்பில் இருந்தால் மூன்று நாள் போய்விடும். அதனால்தான் மின்னஞ்சல் வருவதற்கு முன்பே ஒருமுறை கிளைக்குப் போய் எந்தப் படிவம், எந்தச் சான்று, பான் கார்டு நகல் எத்தனை என்று விசாரித்து, கையெழுத்திட்ட படிவத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சனி, ஞாயிறையும் ஆகஸ்ட் 15ஐயும் கழித்துப் பார்த்தால் பத்து நாள் கெடுவில் வங்கிக்கு மிஞ்சுவது ஐந்தாறு நாள்தான். பணம் அனுப்பியதும் வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலை விடுதிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, 'பணம் வழியில் இருக்கிறது, நாள் பிடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அனுசரித்துப் போவார்கள்.

பணத்தைப் பற்றி, தேவையான அளவு

2024 செப்டம்பரிலிருந்து பிளாக்டு அக்கவுண்டில் ஓர் ஆண்டுக்குக் காட்டவேண்டிய தொகை 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை, 2025 ஏப்ரல் முதல், வங்கி முன்வரி பிடிப்பதில்லை. அப்பா ஒருவரே முழுத் தொகையையும் அனுப்பினால் வரம்பு தாண்டிய பகுதிக்குப் பிடிப்பார்கள். அது போன பணமில்லை, அவர் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் கையில் குறைகிறது. அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. கடன் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்: கிளை மேலாளர் பணத்தைக் கல்லூரிக்கு அனுப்பித்தான் பழகியிருப்பார், மாணவர் பெயரில் உள்ள கணக்குக்கு மொத்தமாக அனுப்பச் சொன்னால் தயங்குவார். கணக்கு வழங்கும் நிறுவனத்தின் கடிதத்தையும் தூதரகத்தின் விதியையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால் வேலை நடக்கும்.

பிளாக்டு அக்கவுண்ட் பணம் இறங்கிய அன்று கைக்கு வராது என்று மேலே சொன்னேன். முதல் ஆறு வாரத்துக்குத் தனியாகப் பணம் வேண்டும். ஒரு மாத வாடகை, டெபாசிட் கட்டவில்லையென்றால் அது, செமஸ்டர் கட்டணம், காப்பீட்டின் முதல் மாதம், சாப்பாடு, போர்வை தலையணை எல்லாம் சேர்த்து 2,000 யூரோ ஃபோரெக்ஸ் கார்டிலும் முந்நூறு நானூறு நோட்டாகவும் இருந்தால் நெஞ்சு படபடக்காமல் இருக்கலாம். வங்கி ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டால் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவரை அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடு வாழ் இந்தியராகக் கருத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003இலேயே சொல்லிவிட்டது. ஆகவே சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றும் படிவத்தையும் கேட்டு வாங்கிவையுங்கள்.

பெட்டி

பெட்டிக்கு ஒரு வாரம் போதும். பலருக்குத் தெரியாத ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி வகை எதையும் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை. பால் பொருளும் இறைச்சியும் மொத்தமாகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அதனால் நிழலில் உலர்த்திப் பொடித்துக்கொள்ளுங்கள். பொடி வகைகள், பருப்பு, புளி, ஊறுகாய் போகலாம். ஊறுகாயை இரட்டை உறையில் போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள், எண்ணெய் கசிந்தால் சட்டை முழுக்கப் போய்விடும்.

குக்கர் வாங்கும்போது அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்புள்ள விடுதிகளில் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஏறாது. மூன்று லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இண்டக்‌ஷன் அடி உள்ளது, கூட ஒரு மாற்று கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று உருளை முள் பிளக் அங்கே நுழையாது. எர்த் உள்ள அடாப்டர் இரண்டும், நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் எல்லாவற்றையும் அதில் சொருகிக்கொள்ளலாம். மிக்ஸியின் பிளக் பெரியதா சிறியதா என்று பார்த்து அடாப்டர் வாங்குங்கள். கண்ணாடி போடுகிறவர் இரண்டாவது ஜோடியும், பல்லில் வலி உள்ளவர் அதற்கான வைத்தியமும் இங்கேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். அசல் சான்றிதழ்களும் பவர் பேங்கும் கைப்பையில்தான்.

இறங்கும் நாள்

விடுதிச் சாவியைத் தருகிறவர் 'ஹவுஸ்மைஸ்டர்' எனப்படும் பராமரிப்பாளர். அவர் வார நாள்களில், பெரும்பாலும் காலையில் குறிப்பிட்ட நேரத்தில்தான் இருப்பார். டிக்கெட் மலிவு என்று வெள்ளி இரவு இறங்கினால் திங்கள் காலை வரை வெளியே தங்க வேண்டும், ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை. சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. திங்கள் முதல் புதன் வரை காலையில் இறங்கும்படி பாருங்கள். இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பராமரிப்பாளருக்கு நாளையும் நேரத்தையும் எழுதி, பதில் வாங்கிவிட வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் சுவர், தரை, மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து, அவர் தரும் ஒப்படைப்புத் தாளில் ஏற்கெனவே உள்ள சேதங்களை எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது டெபாசிட் முழுதாகத் திரும்புவதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். ஊர் அலுவலகத்தில் பதிவுக்கான நேரத்தையும் இங்கிருந்தே இணையத்தில் எடுத்துவிடலாம். அக்டோபரில் பெரிய ஊர்களில் வாரக்கணக்கில் நேரம் கிடைக்காது.

செப்டம்பர் நடுப்பகுதி வந்தும் முகவரி கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வது? பலர் நம்பிக்கையில் ஏறிவிடுகிறார்கள். என் கருத்தில், குறைந்தது ஒரு மாதத்துக்காவது பதிந்துகொள்ளக்கூடிய தற்காலிக இடம் உறுதியாகும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. பல்கலைக்கழகத்தில் சேர்க்கைப் பதிவுக்கான கடைசித் தேதியை மட்டும் மீறக் கூடாது, அதைப் பல இடங்களில் இணையத்திலேயே முடிக்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வகுப்புத் தொடங்குவது அக்டோபர் நடுவில் என்பதால் பத்து நாள் தாமதமாகப் போவதில் படிப்புக்குக் கெடுதி வராது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நிலைமையை நேராக எழுதுங்கள். அவசரத்துக்கென்று சில வாரம் தங்கும் ஏற்பாடு பல ஊர்களில் செமஸ்டர் தொடக்கத்தில் இருக்கும், ஆனால் கேட்டவர்களுக்குத்தான் சொல்வார்கள். அந்த ஊரில் உள்ள சீனியர்களிடம் கேட்கும்போதும் 'ரூம் இருக்கா அண்ணா' என்று மட்டும் கேட்காமல், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதம், எவ்வளவு வரை, பதிவு அவசியம் என்று நான்கையும் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் அவர்கள் இன்னொருவரிடம் அதை அப்படியே அனுப்ப முடியும். ஒரே ஆள் தங்கும் விடுதி அறையில் இன்னொருவரைப் பல வாரம் வைத்துக்கொள்வதற்கு அவர்கள் ஒப்பந்தம் இடம் தராது என்பதையும் மனதில் வைத்து, இரண்டு மூன்று இரவுக்கு மேல் கேட்காதீர்கள்.